பைக்குள் ஓர் இரும்புத் துண்டு

ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் ஓர் ஆடி மாதத்து மதியம். ஆண்டாள் தேருக்கு வந்த கூட்டம் ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. சிமெண்டு பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளம்பெண்ணின் மடியில் ஒன்றரை வயதுப் பையன் துவண்டு கிடந்தான். காலையிலிருந்து நாலு தடவை வயிற்றால் போயிருக்கிறது. அவள் காலடியில் ஒரு பெரிய பை, தோளில் இன்னொரு பை. கணவர் பத்தடி தள்ளி நின்று ராஜபாளையம் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையில் செல்போனும் ஒரு பால்கோவாப் பெட்டியும்.

மாற்று ஜட்டி தேடி அவள் பெரிய பையைப் பிரித்தாள். மேலாகப் பட்டு வேட்டியும் சரிகைச் சட்டையும். அதற்குக் கீழே ஏழு செட் உடுப்பு. பவுடர் டப்பா, பிளாஸ்க், இரண்டு பால்புட்டி, பேட்டரி போட்ட கார். ஒவ்வொன்றாக எடுத்துப் பெஞ்சில் வைத்தாள். அடியில் மஞ்சள் துணியில் முடிந்த பொட்டலம் ஒன்று அவிழ்ந்து உருண்டது. ஓர் எலுமிச்சம்பழம், மூன்று வரமிளகாய், கட்டைவிரல் நீளத்துக்கு ஓர் இரும்புத் துண்டு.

"அத்தை வச்சு விட்டாங்கய்யா. பச்சப் புள்ளையக் கூட்டிட்டு வெறுங்கையோட போகக் கூடாதுன்னு."

"ஓ.ஆர்.எஸ். இருக்காம்மா?"

இல்லை.

கணவர் ஓடிப்போய் மெடிக்கலில் ஒரு பாக்கெட் வாங்கி வந்தார். பால்புட்டியில் இருந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை தட்டப் போனவரைத் தடுத்தேன். அந்தப் பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரைக்க வேண்டும். அளவு கூடினாலும் குறைந்தாலும் கெடுதல். கரைத்ததை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் கழிந்தால் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். அந்தத் தம்பி கெட்டிக்காரர், சொன்னதும் பிடித்துக்கொண்டார். வீட்டில் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பாக்கெட்டின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1971-இல் வங்கதேசப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகளிடையே காலரா பரவியது. பன்காவ் முகாமில் நரம்பில் ஏற்ற வேண்டிய சலைன் தீர்ந்துபோக, திலீப் மகாலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பையும் குளுக்கோசையும் அளந்து தண்ணீரில் கலந்து வாய்வழியாகக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தவர்களில் பலர் நோயாளிகளின் சொந்தக்காரர்களே. நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நாலு பேருக்கும் கீழே இறங்கியது. அவர் 2022-இல் காலமானார். மறு ஆண்டு பத்ம விபூஷண் அறிவித்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு லிட்டருக்கான பொடியின் எடை 20.5 கிராம். மஞ்சள் துணியில் இருந்த இரும்பு அதைவிடக் கனம்.

பிள்ளையோடு போகும் பயணத்துக்குக் குறைவாக எடுத்துப் போவது எப்படி என்று இளம் பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. துணியை எப்படி மடிப்பது, எந்தப் பை வாங்குவது என்றுதான் கேட்கிறார்கள். பையில் எதற்காக ஒவ்வொன்றையும் வைத்தோம் என்று கேட்பதில்லை. பெஞ்சில் பரப்பி வைத்திருந்த பொருள்களைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். அதில் பாதி பிள்ளைக்காக வைத்தது அல்ல. இரும்பும் மிளகாயும் காத்து கருப்புக்குப் பயந்து வைத்தவை. பட்டும் சரிகையும் ஏழு செட்டும் சொந்தபந்தங்களின் வாய்க்குப் பயந்து வைத்தவை. பேய்க்கும் பங்காளிக்கும் பயந்து கட்டிய மூட்டைக்குப் பிள்ளையின் பெயரை வைத்திருக்கிறோம்.

இரும்புத் துண்டால் என்ன கெடுதல், இருந்துவிட்டுப் போகட்டுமே என்பார்கள். கெடுதல் உண்டு. வைக்க வேண்டியதை வைத்துவிட்டோம் என்ற நிம்மதியை அது கொடுத்துவிடுகிறது. அந்த நிம்மதி வந்த பிறகு எந்த மாமியாரும் மருந்துப் பாக்கெட்டைப் பற்றி யோசிப்பதில்லை. பிள்ளையின் கையில் கட்டும் வசம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னாலே ஆகாது என்று பேர் சொல்லாதது என்போம். கையில் கட்டினால் வாய்க்குப் போகாமல் இருக்குமா? பிள்ளை சப்புகிறது. உரைத்து நாக்கில் தடவுகிறவர்களும் உண்டு. அதில் உள்ள பீட்டா அசரோன் என்ற பொருளால் தீங்கு வரும் என்று அமெரிக்காவில் வசம்பை உணவில் சேர்ப்பதையே தடை செய்திருக்கிறார்கள். பாட்டி கொடுத்தாள் என்பதால் அது மருந்தாகிவிடாது. பாட்டி மீது வைத்த அன்பு வேறு, பாட்டி சொன்னதைச் சோதித்துப் பார்ப்பது வேறு.

பால்புட்டியையும் எடுத்து வெளியே வையுங்கள். ஒன்றரை வயதுப் பிள்ளை டம்ளரில் குடிக்கும். அதைவிடச் சின்னப் பிள்ளைக்கு நம் வீடுகளில் பாலாடையும் சங்கும் இருந்தன. பஸ் ஸ்டாண்டு குழாயில் புட்டியின் ரப்பரைக் கழுவி யாராலும் சுத்தமாக்க முடியாது. 1992-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பால்புட்டிக்கும் பால்மாவுக்கும் விளம்பரம் செய்வதையே தடை செய்கிறது. நாடாளுமன்றமே ஆபத்து என்று கருதிய பொருளை நாம் இரண்டாக எடுத்துப் போகிறோம். தாய்ப்பால் கொடுக்கிற பெண்ணுக்குப் புட்டியே வேண்டாம். 2015-இல் தமிழ்நாடு முழுக்கப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். உங்கள் ஊர் அறை பூட்டிக் கிடந்தால் சாவி கேட்டுச் சண்டை போடுங்கள். அந்தச் சண்டை பையின் எடையைக் குறைக்கும்.

வேண்டியது மிகக் கொஞ்சம். இரண்டு மாற்றுடுப்பு, ஒரு டம்ளரும் ஸ்பூனும், தண்ணீர், ஓ.ஆர்.எஸ். இரண்டு பாக்கெட், டாக்டர் எழுதிக்கொடுத்த காய்ச்சல் மருந்து, அளவு மூடியோடு. இட்லியும் வாழைப்பழமும் எல்லா ஊரிலும் கிடைக்கும். (பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் பெருமைதான். ஆனாலும் இரண்டு வயதாகாத பிள்ளைக்கு அந்தச் சர்க்கரை வேண்டாம்.) இவற்றோடு ஒரு பழைய பருத்திச் சேலை. பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னையிலிருந்து வரும் இரவுகளில் பார்த்திருப்பீர்கள். எதிரெதிர் பெர்த்துகளுக்கு நடுவே சேலையைத் தூளியாகக் கட்டிவிட்டால் பிள்ளை ராஜபாளையம் வரை தூங்கும். அதே சேலை காலையில் விரிப்பு, மதியம் மறைப்பு, ஈரம் துடைக்கத் துண்டு. கடையில் விற்கும் எந்தக் குழந்தைப் பையும் இத்தனை வேலை செய்யாது.

டயபரைப் பற்றி மனத்தாங்கலோடுதான் எழுதுகிறேன். அன்று அந்த நிலையத்தின் மதில் ஓரத்தில் உருட்டி எறிந்த டயபர்கள் கிடந்தன. எறிந்தவர்களின் பை லேசாகியிருக்கும். அந்தப் பாரம் எங்கே போனது? மறுநாள் விடிகாலை அதைக் குனிந்து எடுக்கும் தூய்மைப் பணியாளரின் கைக்குப் போனது. அந்தக் கை பெரும்பாலும் எந்தச் சாதியின் கை என்று இந்த மண்ணில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் பிள்ளையின் மலத்தை அள்ள இன்னொரு சாதி இருக்கிறது என்ற நம்பிக்கையும் மூடநம்பிக்கைதான், இரும்புத் துண்டைவிடக் கொடியது. டயபரைத் தனியாகச் சுற்றித் தர வேண்டும் என்று திடக்கழிவு விதி சொல்கிறது. பையில் நாலு பழைய செய்தித்தாள் வையுங்கள். குப்பைத் தொட்டி வரும் வரை சுற்றிச் சுமந்து வாருங்கள். இன்னொன்றும் உண்டு. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். அந்த மெல்லிய காஸ் துணியை நாலாக மடித்துக் கட்டினால் ஈரம் உறிஞ்சும், அலசிப் போட்டால் சீக்கிரம் காயும். பஸ்ஸில் மட்டும் டயபர், இறங்கிய பிறகு துணி என்று வைத்துக்கொண்டால் பாக்கெட் பாதியாகும்.

இத்தனையும் குறைத்த பிறகும் ஒரு பை இருக்கும். அதை யார் சுமப்பது? தாய்தான் என்று நாம் முடிவு செய்து வைத்திருக்கிறோம். தோளில் மட்டும் அல்ல, தலையிலும் அவள்தான் சுமக்கிறாள். மருந்து எந்த அறையில், ஸ்பூன் எந்த மூலையில் என்பது அவள் ஒருத்திக்கே தெரியும். பிள்ளை அழுதால் அப்பா பையைத் திறந்து துழாவுவார், பிறகு "எங்கடி வச்ச?" என்பார். பை ஒழுங்காக இருக்க வேண்டுமானால் ஒரே வழிதான் எனக்குத் தெரியும். புறப்படுவதற்கு முதல் நாள் இரவு அதை அப்பா அடுக்கட்டும். அடுக்கியவனுக்கு எது எங்கே என்று தெரியும்.

1929-இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை கேட்டது. 1931-இல் மூன்றாம் மாநாடு இங்கே விருதுநகரில் கூடியது. சொத்துரிமைச் சட்டம் தமிழ்நாட்டில் 1989-இல் வந்துவிட்டது. சொத்தில் பாதி கொடுக்க ஒப்புக்கொண்ட ஆண் சுமையில் பாதி எடுக்க இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆண்மைக்கு இழுக்கு என்கிறீர்களா? நீங்கள் தேரிழுத்துவிட்டு வந்த ஊரையே கேளுங்கள். துளசிச் செடியின் அடியில் கண்டெடுத்த பெண் குழந்தையைப் பெரியாழ்வார் வளர்த்தார் என்பது இந்த ஊரின் கதை. கண்டெடுத்த கதையை நான் வரலாறாக ஏற்கவில்லை. ஆனால் அவர் பாடியவை கையில் இருக்கின்றன. ஓர் ஆண் தன்னை யசோதையாக்கிக்கொண்டு பிள்ளையைத் தாலாட்டுகிறான், குளிக்கக் கூப்பிடுகிறான், காது குத்த அழைக்கிறான், தலைவாரிப் பூச்சூட்டுகிறான். கண்ணேறு படாமல் காப்பிடும் பாட்டும் அதில் உண்டு, அதை நான் ஏற்கமாட்டேன். மற்றதெல்லாம் ஒரு தகப்பன் கற்றுக்கொள்ள வேண்டியவை. அவரைக் கும்பிடத் தெரிந்த உங்களுக்கு அவர் செய்த வேலையைச் செய்ய என்ன கூச்சம்?

ராஜபாளையம் பஸ் வந்தது. பையன் அதற்குள் ஒரு டம்ளர் அளவுக்குக் குடித்திருந்தான், கண் திறந்து என்னைப் பார்த்தான். ஊரில் இறங்கியதும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். அந்தத் தம்பி பெரிய பையைத் தூக்கினார். தோள் பை அவள் தோளிலேயே இருந்தது, பிள்ளை அவள் இடுப்பில்.

தம்பிகளே, அடுத்த ஆடிக்கும் பஸ் நெரிசலாகத்தான் வரும். படி ஏறும்போது பிள்ளையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.