சுணங்கிப் போகும் கனவு

எமது ஆலயத்தின் தேர்த்திருவிழா நெருங்கும் நாள்களில் அடியேனுக்கு ஒரு கனவு வருவதுண்டு. வசந்த மண்டபப் பூசை முடிந்து சுவாமி வெளி வீதிக்கு எழுந்தருளிவிட்டார். மேளச் சத்தம் காதில் விழுகிறது. நானோ வீட்டிலே வேட்டியைத் தேடிக் கொண்டிருக்கிறேன். வேட்டி அகப்பட்டால் சால்வையைக் காணவில்லை. படலையைத் திறந்து ஓடப் பார்த்தால் கால் எழும்பவில்லை. தேங்காய் உடைபடும் ஓசை கேட்கிறது, தேர் அசைந்துவிட்டது, வடத்திலே எனக்கு இடமில்லை. திடுக்கிட்டு விழித்துப் பார்த்தால் நேரம் இரவு இரண்டு மணி.

பலரிடம் இதனைச் சொல்லியபோது, தங்களுக்கும் இவ்வாறே என்றார்கள். ஒருவருக்குப் பரீட்சை மண்டபம், ஒருவருக்குக் கடைசி பஸ், கனடாவிலிருந்து வந்த உறவினர் ஒருவருக்கு விமான நிலையம். இடந்தான் வேறே தவிர, நெஞ்சு பதைக்கும் பதைப்பு ஒன்றே. என் பாட்டியார் கனவுக்குப் பலன் சொல்வதில் வல்லவர். பல் விழுந்தால் இன்னது, பாம்பு கண்டால் இன்னது என்று கணக்கு வைத்திருந்தார். சுணங்கிப் போவதற்கு மாத்திரம் அவரிடம் பலன் இருக்கவில்லை. “வெள்ளென எழும்பு” என்பார், அவ்வளவுதான்.

கனவு என்பது யாது? சைவ சித்தாந்தம் இதனை ஆன்மாவின் ஐந்து அவத்தைகளுள் இரண்டாவதாக வைத்துப் பேசுகின்றது. நனவிலே புருவ நடுவில் நின்று முப்பத்தைந்து கருவிகளோடு தொழிற்படும் உயிர், கனவிலே கண்டத்துக்கு இறங்கி இருபத்தைந்து கருவிகளோடு நிற்கும் என்பது சிவஞான சித்தியார் முதலிய நூல்களின் துணிபு. கழன்று போகும் பத்தும் எவை? கண், காது முதலிய அறிகருவிகள் ஐந்தும், கால், கை முதலிய தொழிற்கருவிகள் ஐந்துமாம். மனம் நிற்கின்றது, அகங்காரம் நிற்கின்றது, நடக்கிற கால் மாத்திரம் இல்லை. மனம் அவசரப்படக் கால் எழும்பாத இக்கனவுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் கண்டதில்லை. 1953 ஆம் ஆண்டிலே சிக்காகோ பல்கலைக்கழகத்தார் உறக்கத்திலே கண்மணிகள் விரைந்து அசையும் ஒரு பொழுது உண்டென்பதை வெளியிட்டனர். கனவு மிகுதியாக வருவது அப்பொழுதில்தான் என்றும், அப்போது கைகால்களின் தசைகள் தளர்ந்து செயலற்றுக் கிடக்கும் என்றும் இன்றைய மருத்துவம் கூறுகின்றது. இரண்டும் ஒன்றே என்று நான் சாதிக்க வரவில்லை. நினைக்க இனிமையாக இருக்கின்றது.

மேனாட்டு மனவியல் அறிஞர் சிக்மண்ட் ஃப்ராய்டும் இதனைத் தொட்டிருக்கிறார். புகைவண்டியைத் தவறவிடும் கனவு ஆறுதல் தரும் கனவு என்பது அவர் கருத்து. பயணம் என்பது மரணத்தின் குறி. ஆகவே வண்டியைத் தவறவிட்டவன் இன்னும் சாகவில்லை என்று மனம் தன்னைத் தேற்றிக் கொள்கிறதாம். கெட்டித்தனமான விளக்கந்தான். ஆனால் எனது கனவில் ஆறுதல் எதுவுமில்லை. அங்கே இருப்பது குற்றவுணர்வு.

அந்தக் குற்றம் யாருடையது என்பதே என் கேள்வி. சுணங்கியவர் யாவரும் குற்றவாளிகளா?

சுணங்கியதனாலேயே பெயர் பெற்ற நாயனார் ஒருவர் எமக்கு உண்டு. ஆதனூர் நந்தனாரை நாம் திருநாளைப்போவார் என்கிறோம். தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று அவர் நாளைக் கடத்தியது சோம்பலினால் அன்று. போனாலும் உள்ளே புக முடியாது என்ற குலத்தடை அவரை ஒவ்வொரு நாளும் மறித்தது. நாற்பது வேலி நிலத்தை விளைவித்து விட்டுப் போ என்று பண்ணையார் தடுத்த கதை சேக்கிழார் சொன்னதன்று; அது கோபாலகிருஷ்ண பாரதியார் பிற்காலத்தில் சேர்த்தது. சேக்கிழாரின் நந்தனாரைத் தனியொருவர் தடுக்கவில்லை, ஊரும் வழக்கமும் தடுத்தன. எமது மண்ணிலும் 1968 ஆம் ஆண்டு மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே போகக் கேட்டு நின்றவர்கள் பிந்தி வந்தவர்கள் அல்லர், பிந்த வைக்கப்பட்டவர்கள். தில்லையின் எல்லையிலே துயின்ற நந்தனாருக்கு இறைவன் வந்தது கனவிலே என்பதையும் கவனிக்க வேண்டும். ஏன் இவ்வளவு நாள் சுணங்கினாய் என்று அவர் கேட்கவில்லை.

மணிவாசகரின் துயரம் வேறு வகை. உடன் இருந்த அடியார் கூட்டம் இறைவனோடு போய்விடத் தாம் மாத்திரம் பின்தங்கி நின்றதை நினைந்து அவர் அழுத அழுகை திருவாசகம் முழுவதும் கேட்கிறது. அவரை இங்கே நிறுத்தியது இறைவனின் ஆணையே. அவர் நின்றதனாலன்றோ எமக்குத் திருவாசகம் கிடைத்தது?

இவற்றையெல்லாம் எழுதுவது எளிது. என் கனவு எங்கிருந்து வருகிறது என்பதை நான் அறிவேன். 2006 ஆம் ஆண்டு யூலை மாதம் கொழும்பில் வேலையாக இருந்தபோது, அம்மாவுக்குச் சுகமில்லை, ஒருக்கால் வந்து போ என்று அக்கா தொலைபேசியில் சொன்னார். கந்தோரிலே லீவு கேட்டிருக்கலாம். “அடுத்த மாதம் வாறன்” என்றேன். ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டது. ஐப்பசியிலே அம்மா காலமானார். திருகோணமலையில் காத்திருந்து கப்பலில் இடம் கிடைத்து ஊர் வந்து சேர்ந்தபோது எட்டுச்செலவும் முடிந்துவிட்டது.

பாதையை மூடியது நான் அல்லன். அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் யூலை மாதத்தில் பாதை திறந்தே இருந்தது. அந்த ஒரு மாதம் என்னுடையது. நந்தனாரின் பெயருக்குப் பின்னால் ஒளிந்து கொள்ள எனக்கு உரிமையில்லை. கனவுக்கோ இந்தக் கணக்குத் தெரியாது. மறிக்கப்பட்ட நாள்களையும் நானாகக் கடத்திய நாள்களையும் ஒன்றாகக் கூட்டி என் தலையில் வைக்கிறது. விழித்த பின்னர் அவற்றைப் பிரித்து, என்னுடையதை மாத்திரம் எடுத்துக்கொள்ளப் பழகி வருகிறேன்.

அக்காவிடம் ஒருநாள் கேட்டேன், அம்மா என்னைத் தேடினாவா என்று. “தேடினவதான் தம்பி. பிறகு, பாதை திறக்கட்டும், பிள்ளை ஆறுதலா வரட்டும் எண்டவ” என்றார்.

இப்பொழுது தேருக்கு முதல் நாளே ஊருக்கு வந்து விடுகிறேன். விடிய நாலு மணிக்கே தோய்ந்து, வேட்டி சால்வையோடு தேர்முட்டியடியில் நிற்கிறேன். வடம் பிடிக்க வரும் இளம்பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கனவு இன்னும் வருகிறது.