நர்ஸின் துயரத்தில் நமக்குப் பங்கில்லையா?



2020 மார்ச் 22-ஆம் தேதி மாலை 5 மணிக்கு நாம் வாசலில் நின்று கைதட்டினோம். நர்ஸுமாரைச் சம்மனசுகள் என்று புகழ்ந்தோம். அத்துடன் நம் கடமை தீர்ந்ததா?

சற்றே யோசியுங்கள். கொரோனாக் காலத்தில் தீவிர சிகிச்சை வார்டுக்குள் உறவினரை விடவில்லை. சாகக் கிடந்தவரின் கையைப் பிடித்தவர் நர்ஸ். பிள்ளைகளின் குரல் கேட்கும்படி கைபேசியைக் காதருகே பிடித்தவரும் அவரே. இது யாருடைய வேலை? பெற்ற மக்களின் வேலையன்றோ! நமக்குப் பதிலாக அவர் செய்தார். சாவு வீட்டில் துக்கத்தை ஊரே பங்கிட்டுக்கொள்ளும். அவரோ தனியே சுமந்துகொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நம் முட்டுக்காடு சேர்ந்த மாவட்டத்திலேயே நடந்ததைப் பாருங்கள். 2021 மே 4-ஆம் தேதி இரவு செங்கற்பட்டு அரசு ஆஸ்பத்திரியில் 13 நோயாளிகள் இறந்தார்கள். பிராணவாயுக் குறைவுதான் காரணம் என்றனர் சிலர், அல்லவென்றனர் அதிகாரிகள். காரணத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசிற்று. அன்றிரவு கட்டிலுக்குக் கட்டில் ஓடியவர்கள் எந்த மனதோடு வீடு திரும்பினார்கள் என்று நாம் கேட்டோமா?

“சம்பளம் வாங்குகிறார்களே” என்பர் சிலர். சம்பளம் உழைப்புக்கு, துக்கத்துக்குச் சம்பளம் ஏது? நம் புகழ்ச்சியும் சில வேளை அவர்கள் வாயை அடைக்கிறது. சம்மனசு என்று பெயர் வாங்கியவர் “என்னால் தாங்க முடியவில்லை” என்று யாரிடம் சொல்வார்?

இன்னொன்றும் உண்டு. “இன்னும் சற்று முன்பே கவனித்திருந்தால் பிழைத்திருப்பாரோ” என்ற எண்ணம் நல்ல நர்ஸையே அதிகம் வருத்தும். செய்யக்கூடியதைச் செய்தும் காப்பாற்ற முடியாமற்போவது துயரம். அது குற்றம் அல்ல. இதை அவருக்கு அவரே சொல்லிக்கொள்வது கடினம். நாம்தான் சொல்லவேண்டும். அதற்கு முன், அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்கவேண்டும். “அதையெல்லாம் மறந்துவிடு” என்று அவசரப்படலாகாது.

உலகச் சுகாதார நிறுவனம் கொரோனா அவசரநிலை முடிந்ததென 2023 மே 5-ஆம் தேதி அறிவித்தது. ஆனால் மனப்பாரம் அறிவிப்பால் இறங்குவதில்லை. நாளை வேறொரு கொள்ளைநோய் வரவும் கூடும்.

ஆகையால், உங்கள் வீட்டிலோ தெருவிலோ நர்ஸ் இருந்தால், இரவு வேலை முடிந்து வந்தவரை உறங்க விடுங்கள். அவர் பிள்ளைகளுக்கு ஒருவேளை சோறு போடுங்கள். வேடிக்கைக்காகச் சாவுக்கதை கேளாதீர்கள். உறக்கமின்றி நாள்கணக்கில் தவிப்பவரை டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகவும் ஆலோசனை பெறலாம். இந்த வாரமே அப்படி ஒருவரை விசாரித்து வாருங்கள்.