பெரியப்பாவுக்கு ஒரு படம்

2025 தீபாவளிக்கு மறுநாள், எண்பதைத் தொட்டுவிட்ட ஒரு மனிதரை அழவைக்கத் திட்டம் போட்டேன். திட்டம் பலித்துவிட்டது. அன்றிலிருந்து மனசு சரியில்லை. உங்களிடம் சொன்னால் கொஞ்சம் தெளியுமோ என்று எழுதுகிறேன்.

அவர் என் பெரியப்பா. சேலத்திலிருந்து ஏற்காடு போகிற சாலையில், மலை எழும்ப ஆரம்பிக்கும் இடத்தில் இருக்கிறது கொண்டப்பநாயக்கன்பட்டி. அங்கேதான் வீடு. நாற்பது வருடம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்தவர். ஒரு கொலுசைக் கையில் வாங்கி இரண்டு தரம் திருப்பினால் போதும், எந்த இடத்தில் பற்றவைப்பு சரியில்லை என்று சொல்லிவிடுவார். சினிமாவையும் அதே கண்ணால்தான் பார்ப்பார்.

அதற்குக் காரணம் உண்டு. டி.ஆர்.சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது அந்தச் சாலையில்தான். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் பிறந்த இடம். 1950-ல் 'மந்திரி குமாரி', 1956-ல் தமிழின் முதல் வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். சிறுவனாக இருந்தபோது வேலிக்கு வெளியே நின்று ஷூட்டிங் பார்த்திருக்கிறார் பெரியப்பா. "கோட்டைச் செவுரு எல்லாம் அட்டைடா. ஆனா படத்துல பாத்தா கல்லு" என்று இன்றைக்கும் வியப்பார். இப்போது ஸ்டூடியோ இல்லை. வீடுகள் வந்துவிட்டன. சாலையோரம் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது.

அந்த வருடம் செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' என்ற ஜப்பானியப் படம் தமிழ் பேசிக்கொண்டு நம் ஊர் தியேட்டர்களுக்கு வந்தது. பேரன் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் குச்சியை வாள் மாதிரி சுழற்றிக்கொண்டிருந்தான். பெரியப்பா என்னிடம் கேட்டார்: "காலேஜ் படிக்கற பசங்க பொம்மப் படத்துக்கு விசிலடிக்கறானுங்களாமே, ஏண்டா இப்படி ஆயிட்டானுங்க?"

எனக்குச் சுருக்கென்றது. ஜப்பானியர்கள் வரைந்து எடுக்கும் படங்களுக்கு அனிமே என்று பெயர். அதில் நான் இருபது வருடமாக ஊறிக் கிடப்பவன். 'பொம்மைப் படம்' என்ற ஒரு வார்த்தையில் அத்தனையையும் பேரனின் ஷின்சானோடு சேர்த்துக் கட்டிவிட்டாரே! இவருக்குக் காட்டுகிறேன் பார், என்று கருவினேன்.

'காட்டுகிறேன்' என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு அர்த்தம் இருப்பதை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை.

நான் எடுத்தது 'மின்மினிகளின் கல்லறை'. 1988-ல் இசாவோ தகஹதா இயக்கியது. இரண்டாம் உலகப் போரின் கடைசி மாதங்கள். கோபே நகரத்தில் குண்டு விழுந்து தாயைப் பறிகொடுத்த பதினான்கு வயது அண்ணனும் நான்கு வயதுத் தங்கையும் பசியோடு அலைகிற கதை. இதைப் பார்த்து அழாதவர் யாரையும் நான் சந்தித்ததில்லை. அழுதால் ஒப்புக்கொண்டுதானே ஆகவேண்டும் என்பது என் கணக்கு.

கீழே ஓடுகிற ஆங்கில வரிகளை அவரால் வேகமாகப் படிக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். இங்கேதான் நான் செய்த காரியம் இருக்கிறது. அந்தப் படம் தொடங்கியதுமே, ஒரு ரயில் நிலையத் தூணில் சாய்ந்து கிடக்கும் பையன், தான் செத்துப்போன தேதியைத் தன் வாயாலேயே சொல்லிவிடுகிறான். ரயில்வே ஆள் ஒருவன் அவனிடமிருந்த மிட்டாய் டப்பாவை எடுத்து வெளியே வீசுகிறான். என்ன நடக்கப்போகிறது என்பதைத் தகஹதா முதல் இரண்டு நிமிடத்தில் பார்வையாளர் கையில் கொடுத்துவிடுகிறார். அந்த வரியை நான் மொழிபெயர்க்கவில்லை. வேண்டுமென்றே விட்டுவிட்டேன். சொன்னால் கடைசி அடி பலமாக விழாதே! "அது என்ன டப்பாடா?" என்று கேட்டார். "பாருங்க பெரியப்பா, தெரியும்" என்றேன்.

முதலில் அவர் கண் வேலையைத்தான் பார்த்தது. தண்ணீர் அசைவதைப் பார்த்து "கையாலயா வரைஞ்சான்?" என்றார். எனக்குள் குஷி. பிறகு பேச்சு குறைந்தது. முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. அந்தக் குழந்தை பசி மயக்கத்தில், மிட்டாய் என்று நினைத்துக் கோலிக்குண்டை வாயில் அடக்கிக்கொண்டிருக்கும் இடம் வந்தது.

"போதும் சாமி. அணைச்சிரு."

எழுந்து மாடிக்குப் போய்விட்டார். அன்று ராத்திரி சாப்பிட வரவில்லை.

மறுநாள் காலை பெரியம்மா வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டே சொன்னார். பெரியப்பாவுக்கு ஒரு தங்கை இருந்திருக்கிறாள். அம்மா கூலி வேலைக்குப் போய்விட, எட்டு வயசுப் பையன்தான் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறான். நாலு வயசில் காய்ச்சல் கண்டு போய்விட்டாள். "அம்பத்தஞ்சு வருஷத்துல எங்கிட்டயே ரெண்டு தரந்தான் சொல்லியிருக்காரு கண்ணு. உனக்கெப்படித் தெரியும்?"

எனக்கு எப்படித் தெரியும்? இந்தச் சமாதானத்தில் நானும் ரெண்டு நாள் ஓட்டினேன். அப்புறம் அது ஓடவில்லை.

நீங்கள் கேட்கலாம். கலை என்றால் வலிக்கத்தானே செய்யும்? புதுமைப்பித்தனைப் படித்தால் வலிக்காதா? வயசானவர் என்பதற்காக வலிக்காத படமாகப் பொறுக்கிக் கொடுத்தால், அவரைக் குழந்தையாக்கி ஸ்பூனில் ஊட்டுவது மாதிரி ஆகாதா? நியாயமான கேள்வி. நானும் அந்தக் கட்சிதான். வலிக்கிற படத்தைக் காட்டியது தப்பே இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

ஆனால் எதற்காகக் காட்டினேன்? அந்தப் படம் அவருக்கு வேண்டும் என்று நினைத்தா? இல்லை. எனக்கு ஜெயிக்க வேண்டியிருந்தது. அவருடைய கண்ணீர் என் வழக்குக்குச் சாட்சியாக வரவேண்டியிருந்தது. அதற்காகப் படத்தில் இருந்த ஒரே எச்சரிக்கையையும் நான் கத்தரித்தேன். எழுதியவர் அகியுகி நொசாகா. 1945-ல் தன் சின்னத் தங்கையைப் பட்டினிக்குப் பறிகொடுத்தவர். கதையில் வரும் அண்ணன் அளவுக்குத் தான் அன்பாக நடந்துகொள்ளவில்லை என்று பின்னாளில் ஒப்புக்கொண்டவர். படமாக்கிய தகஹதாவோ ஒன்பது வயதில் ஒகயாமாவில் குண்டுமழைக்குள் ஓடித் தப்பியவர். அப்படிப்பட்ட இரண்டு பேர் நேர்மையாக முன்னால் வைத்ததை, நடுவில் உட்கார்ந்த நான் ஒளித்துவைத்தேன்.

"ஒண்ணும் தெரியாமப் பாருங்க, அப்பத்தான் கிக்" என்று நாம் எல்லோருமே சொல்கிறோம். கதையைச் சொல்லிவிடுகிறவனைக் கொலைகாரன் மாதிரி பார்க்கிறோம். துப்பறியும் படத்துக்கு அது சரி. ஆனால் அனிமே என்றால் என்னவென்றே தெரியாமல் நம்மை நம்பி வந்து உட்காருகிறவருக்கு, எந்த மாதிரிக் கதவைத் திறக்கிறோம் என்றாவது சொல்லவேண்டாமா? தெரிந்தவன் ஒருவன், தெரியாதவர் ஒருவர். அந்த இடத்தில் ரகசியம் காப்பது மரியாதையா, அதிகாரமா? மரியாதை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

இன்னொன்றும் உறைத்தது. 'தலைசிறந்த பத்து' என்று யாரோ போட்ட பட்டியலிலிருந்து எடுத்து நீட்டுவது சோம்பேறித்தனம். எதிரே இருப்பவர் எண்பது வருடம் வாழ்ந்தவர், அறுபது வருடம் சினிமா பார்த்தவர். அவருக்கென்று ஒரு ருசி இருக்கிறது. அது பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி வேண்டும்.

பொங்கலுக்குப் போனபோது அவரே ஆரம்பித்தார். "வேற பொம்மப் படம் வச்சிருக்கியாடா? வேல நல்லாத்தான் இருந்துச்சு. அழுவாச்சி மட்டும் வேணாம்."

இந்தத் தரம் யோசித்தேன். ஜப்பானியரும் இந்தியரும் சேர்ந்து 1992-ல் முடித்த ராமாயணம் இருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழ் பேசி மறுபடி தியேட்டருக்கே வந்தது. சுலபமான தேர்வு. ஆனால் அவர் ராமாயணத்தைப் பார்ப்பாரே தவிரப் படத்தைப் பார்க்க மாட்டார். கம்பனை வைத்து அளந்து முடித்துவிடுவார். 'அகிரா'வும் 'கோஸ்ட் இன் த ஷெல்'லும் என் இருபது வயதுக்குச் சரி. மியாசாகியின் 'டோட்டோரோ'வைக் கையில் எடுத்துவிட்டேன். மழையில் பஸ் நிறுத்தத்தில் குடை பிடித்து நிற்கும் அந்தக் காட்சி ஒன்று போதாதா? அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அதில் அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், சின்னத் தங்கை காணாமல் போய், குளத்தில் ஒரு குழந்தைச் செருப்பு மிதக்கிறது. முடிவு சுபம்தான். இருந்தாலும் வைத்துவிட்டேன். வேடிக்கை என்னவென்றால், 1988-ல் ஜப்பானில் இதையும் மின்மினிப் படத்தையும் ஒரே டிக்கெட்டில் சேர்த்துத்தான் காட்டினார்கள்!

கடைசியில், ஏற்காடு பஸ்ஸில் அந்த வளைவைத் தாண்டும்போதுதான் பளிச்சென்றது. சதோஷி கொன் 2001-ல் எடுத்த 'மில்லினியம் ஆக்ட்ரெஸ்'. பழைய ஸ்டூடியோ ஒன்றை இடிக்கிறார்கள். அங்கே கொடிகட்டிப் பறந்து, முப்பது வருடமாக வெளியே வராத நடிகையைத் தேடிப் பேட்டி எடுக்கப் போகிறார் ஒரு ரசிகர். அவள் சொல்லச் சொல்ல, அவள் நடித்த படங்களும் வாழ்ந்த வாழ்க்கையும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொள்கின்றன. பேட்டி எடுப்பவரும் கேமராமேனும்கூட உள்ளே போய்விடுகிறார்கள். ஒண்ணரை மணி நேரம்கூட ஓடாது.

இந்தத் தரம் முதலிலேயே சொன்னேன். "ஒரு கிழவி கதை பெரியப்பா. ஸ்டூடியோவை இடிக்கறாங்க. கடைசியில அவளும் இருக்க மாட்டா. பாக்கலாமா?"

"வயசானா போகத்தான் போறோம். போடு."

பார்த்தார். ராஜா ராணிப் படத்துக்குள்ளிருந்து அவள் ஓட ஆரம்பித்து, சைக்கிளில் வேறொரு காலத்துக்குள் புகுந்து வெளிவரும்போது நிமிர்ந்து உட்கார்ந்தார். செட்டும் விளக்கும் தெரிகிற இடங்களில் எனக்கு முன்னால் அவரே விளக்கம் சொன்னார். நான் மொழிபெயர்ப்பதை நடுவில் மறந்தே போனேன்.

அடுத்த பத்தியில் கதையின் முடிச்சை அவிழ்க்கப் போகிறேன். பார்க்க நினைப்பவர்கள் தாண்டிப் போய்விடுங்கள்.

அந்த நடிகை வாழ்நாள் முழுக்க ஒருவனைத் தேடுகிறாள். சின்ன வயசில் போலீஸிடமிருந்து தப்பி ஓடிவந்த ஓவியன். அவன் எப்போதோ சித்திரவதையில் செத்துப்போனது பேட்டி எடுப்பவருக்குத் தெரியும். அவளிடம் சொல்லவே இல்லை. படம் முடிந்ததும் பெரியப்பா பிடித்துக்கொண்டது இதைத்தான். "தெரிஞ்சும் சொல்லலையே அந்தாளு! ஒரு பொம்பள ஆயுசு பூரா ஓடிக்கிட்டிருக்கா. கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேணாமா?" சொன்னால் அவள் உடைந்துபோவாளே என்றேன். "உடையறதும் உடையாததும் அவ பாடு. அத இவன் எப்படி முடிவு பண்றது?" பெரியம்மா அடுப்படியிலிருந்து எதிர்க்கட்சி பேசினார். தேடுவதற்கு ஒன்று இருந்ததால்தான் அவள் அத்தனை வருஷம் ஓடினாளாம். ராத்திரிச் சாப்பாடு முடிகிறவரைக்கும் வழக்கு தீரவில்லை. எனக்கு மட்டும் சோறு சரியாக இறங்கவில்லை.

கை கழுவிவிட்டு வந்து வாசல் படியில் உட்கார்ந்தார். ஏற்காட்டிலிருந்து கடைசி பஸ் இறங்கிப் போனது. நொசாகாவைப் பற்றி, அந்த ஒப்புதல் பற்றிச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை.

"அந்த அண்ணன் தங்கச்சி படம்... கடைசியில என்ன ஆச்சுன்னு வாயால சொல்லு. பாக்க வேணாம்."

சொன்னேன். எதையும் விடாமல். முதல் காட்சியில் நான் மறைத்த வரியையும் சேர்த்து.

"அந்த மிட்டாய் டப்பா?"

"அதுல இருந்தது அந்தப் பாப்பாவோட அஸ்தி, பெரியப்பா."

தலையை ஆட்டிக்கொண்டார். "நான் அப்பவே கேட்டேன்ல?" என்றார்.