சுட்டபின் எழுந்திருக்கிறவர்கள்

தொப்பூர் கணவாய் தெரியும்தானே? தர்மபுரியிலிருந்து சேலம் போகிற வழியில், வளைந்து வளைந்து இறங்குகிற நெடுஞ்சாலை. ஒருமுறை அங்கே ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். ஏழெட்டு வயசுப் பையன் ஒருத்தன், தீபாவளிக்கு வாங்கின விளையாட்டுத் துப்பாக்கியை என் நெஞ்சுக்கு நேராக நீட்டி ‘டுமீல்!’ என்றான். கேப் தீர்ந்துவிட்டது போல. சத்தத்தையும் அவனே கொடுத்தான்.

அவன் பிடித்த அழகைப் பார்க்க வேண்டுமே! ஒற்றைக் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, சுட்டு முடித்ததும் குழல் முனையை ஃபூ என்று ஊதி... வேறு யார் கற்றுக்கொடுத்திருப்பார்கள்? சினிமாதான்.

சிரிக்காதீர்கள். பெரியவர்களும் அப்படித்தான். 1971-ல் ‘டர்ட்டி ஹாரி’ படம் வந்தபிறகு, கிளின்ட் ஈஸ்ட்வுட் கையில் இருந்த .44 மேக்னம் ரிவால்வருக்கு அமெரிக்காவில் ஏகப்பட்ட கிராக்கி. வாங்கினவர்கள் எல்லாம் கொலைகாரர்களா? இல்லை. திரையில் பார்த்ததைக் கையில் பிடித்துப் பார்க்க ஆசைப்பட்டவர்கள். நம் ஊரில் அது அத்தனை சுலபமில்லை. 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. ஆனால், ஆசைக்கு ஏது லைசென்ஸ்?

‘நான் யாரையும் சுடப்போறதில்லை சார். அழகா இருக்கு, சேர்த்து வைக்கிறேன். இதுல என்ன தப்பு?’ என்று ஒருவர் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

நான் தர்மபுரிப் பக்கத்தையே நினைத்துக்கொள்வேன். 1991-ல் ‘கேப்டன் பிரபாகரன்’ வந்தது. வீரப்பனை நினைவூட்டுகிற வீரபத்ரனாக மன்சூர் அலிகான். கைதட்டி ரசித்தோம். நிஜ வீரப்பனின் மீசையும் துப்பாக்கியும் பத்திரிகை அட்டைகளில் வந்தபோது அதையும் சினிமா போலவே பார்த்தோம். 1993 ஏப்ரலில் பாலாறு அருகே கண்ணிவெடியில் 22 பேர் செத்தார்கள். 1992 ஜூனில் சந்தனக்கட்டை தேடி வாச்சாத்திக்குள் நுழைந்த சீருடைக்காரர்கள் அந்த மலைவாழ் மக்களுக்குச் செய்த கொடுமைக்கு, 2011-ல்தான் தீர்ப்பு வந்தது. 2004 அக்டோபர் 18 அன்று பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் கதை முடிந்தது. இத்தனை வருஷத்தில் நம் மனசில் பதிந்த படம் எது? மீசையும் துப்பாக்கியும்தான். தாலி இழந்தவர்களின் முகம் ஒன்றாவது ஞாபகம் இருக்கிறதா?

தப்பு அங்கேதான் தொடங்குகிறது. ஆயுதத்தை மதிப்பது நமக்குப் புதிதில்லை. ஆயுத பூஜையன்று போலீஸ்காரர் துப்பாக்கிக்குப் பொட்டு வைக்கிறார், லாரி டிரைவர் வண்டிக்கு வைக்கிறார். அந்த டிரைவரைத் தொப்பூர் இறக்கத்தில் கவனியுங்கள். முதல் வளைவு வருவதற்குள் கியரைக் குறைத்துவிடுவார். பிரேக் பிடிக்காவிட்டால் முன்னால் போகிற கார் என்னவாகும் என்பது அவருக்குத் தெரியும். அவர் வைக்கிற பொட்டில் மதிப்பும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. சினிமா நமக்குக் கொடுப்பது பயம் கழித்த மதிப்பு.

அதனால், சேர்த்து வைக்கிறவரைக் குற்றவாளி என்று சொல்ல மாட்டேன். ஒன்றே ஒன்று கேட்பேன். அலமாரியிலிருந்து அதை எடுத்துத் துடைக்கும்போது, குழலுக்கு எதிரே நிற்கக்கூடிய ஒரு முகமும் உங்களுக்குத் தெரிகிறதா? தெரிந்தால் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி மட்டும்தான் தெரிகிறது என்றால், அந்த ஆசை உங்களுடையது இல்லை. யாரோ ஒரு டைரக்டர் கொடுத்த இரவல்.

டீக்கடைக்கு வருகிறேன். பையன் என்னை விடுவதாக இல்லை.

“தாத்தா, நீங்க செத்துட்டீங்க. கண்ணை மூடுங்க!”

மூடினேன். பத்து எண்ணியிருக்க மாட்டேன்.

“போதும், எந்திரிங்க. டீ ஆறுது.”

அவன் ஆட்டத்தில் செத்தவர்கள் எழுந்து டீ குடிக்கிறார்கள். வெளியே அப்படி இல்லை என்பதை அவனுக்குச் சொல்லவேண்டியது யார்? சினிமா சொல்லாது. நீங்களும் நானும்தான் சொல்ல வேண்டும்.