பல்லைப் பிடித்துப் பாருங்கள்!

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாடு வாங்கிய விவசாயி உண்டா? அதே வீட்டுப் பிள்ளை நாற்பதாயிரம் ரூபாய் எண்ணிக் கொடுத்து லேப்டாப் வாங்குகிறான். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் "ஐ5 சார்" என்கிறான். ஐந்து வருடம் தட்டித் தேய்த்த பிறகு கேட்டாலும் அதே "ஐ5 சார்"தான். மெஷின் மெதுவானதும் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். மூடியைக்கூடத் திறக்காமல் தீர்ப்பு வருகிறது: "பழசாயிடுச்சு தம்பி, புதுசு வாங்கிடுங்க." தலையாட்டிவிட்டுத் திரும்புகிறான்.

ஏன் தலையாட்ட வேண்டும்? காசு உங்களுடையது. மெஷின் உங்களுடையது. தீர்ப்பு மட்டும் எப்படி அடுத்தவருடையதானது?

"கம்ப்யூட்டரைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று சொல்வதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பயம். தொட்டால் கெட்டுவிடும் என்கிற பயம். பார்த்ததால் கெட்டுப்போன கணினி உலகத்தில் இல்லை. இப்போதே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். உங்கள் மெஷினின் வயிறு அங்கே திறந்து கிடக்கிறது.

சிபியு என்பதை அழுத்தினால் பிராசஸரின் முழுப்பெயர் வரும். ஐ5 என்பது பாதிப் பெயர்தான்; விஷயம் பின்னால் வரும் எண்ணில் இருக்கிறது. ஐ5-8250யு என்றால் எட்டாம் தலைமுறை. அதில் 4 கோர். அதற்கு முந்தைய தலைமுறையின் ஐ7-7500யுவில் இருப்பதோ 2 கோர்தான்! பழைய லேப்டாப் சந்தையில் ஐ7 ஸ்டிக்கரைக் காட்டிக் கூடுதல் விலை சொன்னால், இந்த ஒரு தகவலை எடுத்துப் போடுங்கள். பேச்சின் தொனியே மாறும்.

அடுத்தது மெமரி. எத்தனை ஜிபி என்பதோடு, இரண்டு ஸ்லாட்டில் ஒன்றுதான் நிரம்பியிருக்கிறதா என்பதும் அங்கே தெரியும். காலி ஸ்லாட் இருந்தால் இன்னொரு ரேம் வாங்கிச் செருகலாம். மெல்லிய லேப்டாப் சிலவற்றில் ரேமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். அங்கே இந்தக் கணக்கு ஏமாற்றலாம், மாடல் எண்ணை வைத்துச் சரிபார்த்துவிடுங்கள்.

இப்போது டிஸ்க். அது ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா? மெஷினை ஆன் செய்ததும் டிஸ்க் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறதா? அப்படியானால் குற்றவாளி பெரும்பாலும் அந்தச் சுழலும் தட்டுதான். அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் "பழசாயிடுச்சு" என்ற மெஷின் எழுந்து ஓடும். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப்பில் ஒன்று உங்கள் வீட்டுப் பீரோவில் தூங்கினால், முதலில் அதை எழுப்பிப் பாருங்கள். (500 ஜிபி வாங்கினேன், 465தான் காட்டுகிறது என்று சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது.)

அடையாளம் தெரியாத பாகம் ஏதாவது டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு நிற்கிறதா? அதற்கும் பயப்படாதீர்கள். அதன் பிராப்பர்ட்டீஸில் டீடெயில்ஸ் பக்கத்துக்குப் போய் ஹார்டுவேர் ஐடிகளைப் பாருங்கள். 8086 என்ற எண் இருந்தால் அது இன்டெல். 1978-இல் அந்த நிறுவனம் வெளியிட்ட பிராசஸரின் எண்ணையே தன் அடையாளமாக வைத்துக்கொண்டிருக்கிறது. 10டிஇ என்றால் என்விடியா, 1022 என்றால் ஏஎம்டி. பெயரில்லாமல் நிற்கும் பாகமும் தன் பிறப்பை மறைக்க முடியாது. பக்கத்திலிருக்கும் டிவைஸ் எண்ணையும் சேர்த்துத் தேடினால் எந்த டிரைவர் வேண்டும் என்று தெரிந்துவிடும். இதற்கு எந்தப் பட்டமும் வேண்டாம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. "இனி இது குப்பை" என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். டிபிஎம் இருந்தும் பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம்; இல்லை என்று முடிவு கட்டுமுன் அங்கே பாருங்கள். பிராசஸர் உண்மையிலேயே தேறவில்லையா? லினக்ஸ் போடுங்கள். அங்கே எல்எஸ்சிபியு, எல்எஸ்பிசிஐ என்று இரண்டு கட்டளைகள் அடித்தால், இத்தனை நேரம் தேடியதில் முக்கால்வாசியை அதுவே கொட்டிவிடும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று. கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளையோடு பேட்டரிரிப்போர்ட் என்று சேர்த்து அடித்தால் ஓர் அறிக்கை உருவாகும். தயாரானபோது பேட்டரியின் கொள்ளளவு எவ்வளவு, இன்று முழுதாக ஏற்றினால் எவ்வளவு நிற்கிறது என்று இரண்டு எண்கள் அதில் இருக்கும். இரண்டாவது எண் முதலாவதில் பாதிகூட இல்லையா? புது பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு மீதியைப் பேசுங்கள். விற்பவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.