கரைவலையும் கருத்தாவும்

சிலாபத்துக்கு வடக்கே, முந்தற் களப்புக்கும் மகாசமுத்திரத்துக்கும் இடைப்பட்ட மணற்பரப்பில் அமைந்த உடப்பு என்னும் தமிழ்க் கிராமத்தில் கரைவலை பரம்பரைத் தொழில். தோணியிற் கொண்டுபோய் அரைவட்டமாக வளைத்துவிட்ட வலையின் இருபுறக் கயிறுகளையும் கரையில் இரண்டு அணியினர் பற்றி, அம்பாப் பாடலின் தாளத்துக்கு அடிபெயர்த்துப் பின்னோக்கி இழுக்க, மீன் திரண்ட மடி சிறிது சிறிதாகக் கரையேறுவதே அதன் முறை. இலங்கையின் வலைப்பாடுகள் பலவற்றில் இன்று இழுக்கும் கைகளின் ஸ்தானத்தை, உழவு இயந்திரத்தில் பூட்டிக் கயிற்றைச் சுருட்டி இழுக்கும் வீஞ்சு பெற்றிருக்கிறது. இதனால் மீன்குஞ்சும் கடலடியும் நாசமாகும் என்பார் ஒரு சாரார். இழுக்க ஆள் கிடைக்காத காலத்தில் வேறு கதி ஏது என்பார் மறு சாரார். இவ்வழக்கின் அடியில் சமய சம்பந்தமான வினா ஒன்று கிடக்கிறது: யந்திரம் இழுத்த வலையில் மாண்ட உயிர்களின் வினை யாரைச் சாரும்?

அந்த வீஞ்சைச் சுழற்றுவது டீசல் யந்திரம். 1897-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ருடோல்ஃப் டீசல் இயக்கிக் காட்டிய அந்த யந்திரத்தில், உருளைக்குள் நெருக்குண்ட காற்றின் உஷ்ணத்தினாலேயே எண்ணெய் பற்றிக்கொள்ள, விரியும் வாயு தள்ளிய தள்ளலே சுழற்சியாக மாறுகிறது. உடப்பில் ஆடி மாதத்தில் திரௌபதையம்மன் சந்நிதியில் அடியார் மிதிக்கும் அக்கினியும் இந்த அக்கினியும் தத்துவத்தில் ஒன்றே. ஆனால் அதில் இறங்குவதற்கு விரதம் வேண்டும், இதனை மூட்டுவதற்குச் சாவி போதும்.

குடம் வனைதற்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணனாகிய கருத்தா என்பது சைவசித்தாந்திகளின் பகுப்பு. சக்கரம் எத்துணை வேகமாகச் சுழன்றாலும் குயவனாகிவிடாது. அவ்வாறே வீஞ்சும் துணைக்காரணமே. தானே கண்டு தானே தீர்மானிக்கும் யந்திரமனிதன் வந்துவிட்டானே என்று வினவலாம். இச்சை, ஞானம், கிரியை என்னும் மூன்றனுள் கிரியையை அவனுக்கு நாம் கொடுத்துவிட்டோம். ஞானத்தின் சாயலையும் கொடுத்து வருகிறோம். ஆயினும் மீன் வேண்டும் என்னும் இச்சை நம்மிடமே நிற்கிறபடியால், வினையும் நம்மை விட்டு அகலவில்லை.

2011-ஆம் ஆண்டில் சிலாபத்தை அடுத்த முன்னேஸ்வரத்துப் பத்திரகாளி கோயிலின் மிருகபலி ஓர் அமைச்சரின் தலையீட்டால் தடைப்பட்டபோது, அதன் நியாய அநியாயத்தைப் பற்றி நாட்டில் பெரும் விவாதம் எழுந்தது. அங்கே கத்தியைப் பிடித்த கை கண்ணுக்குத் தெரிந்தது. யந்திரமோ கைக்கும் கொலைக்கும் நடுவே இரும்பையும் புகையையும் நிறுத்திக் கருத்தாவை மறைத்துவிடுகிறது. மறைந்ததை இல்லாததாக எண்ணிவிடுகிறோம்.

மேலும், கையினால் இழுத்த காலத்தில் தோளின் களைப்பே கடலுக்கு ஒரு காவலாயிருந்தது. பேராசைக்காரனும் களைத்தபின் வலையை உலர்த்தியே ஆகவேண்டும். அந்தக் களைப்பைப் புண்ணியமென்று போற்றுவது, வடத்தில் உள்ளங்கை தேய்ந்தவர்களின் துன்பத்தை அறியாதார் பேச்சு. யந்திரம் அத்துன்பத்தை நீக்கியது நன்றே. ஆனால் துன்பத்தோடு சேர்ந்து எல்லையும் நீங்கிவிட்டபடியால், சரீரம் செய்துவந்த காவலை இனிச் சித்தமே செய்யவேண்டியிருக்கிறது.

ஆதலால் வீஞ்சைப் பாவமென்று ஒதுக்குவதும் பிழை. ஆயுத பூசையன்று அதற்குச் சந்தனமிட்டு வணங்கினால் போதுமென்பதும் பிழை. இத்தனை முறைக்குமேல் வலை வளைப்பதில்லை, குஞ்சுகள் அகப்படும் நுண்கண் வலையை இடுவதில்லை, இதுகாறும் கயிறு பிடித்துவந்தவர்களின் பங்கை மறுப்பதில்லை என்று சங்கற்பம் செய்துகொள்ளுதல் வலைக்குரியவனான சம்மாட்டியின் தர்மம். அதனால் மீன் விலை சற்று ஏறுமாயின், முணுமுணுக்காது கொடுத்து வாங்குதல் உண்பவனின் தர்மம். ஏனெனில், அந்த வலையை வளைக்கச் சொன்ன இச்சையில் அவனுக்கும் பங்குண்டு.