முதியோர் சார்பு

முதுமை எய்தினோர் உலகப்பற்றினை ஒருவி இறைவன் திருவடியை நினைந்திருத்தற்கே உரியர். அவர் பேரப்பிள்ளைகளோடு ஆடியும் பேசியும் காலங்கழித்தல் பற்றினை வளர்ப்பதாம் என்று கூறுவாரும் உளர். மற்றொரு சாரார், குழந்தைகட்கு வேண்டும் கல்வி பள்ளியிற் கிடைத்தலின், பழங்கதை கூறும் பாட்டியால் ஆவது யாதுமில்லை என்பர். துறவு பேசுவாரும் உலகியல் பேசுவாரும் முதியோரையும் சிறாரையும் பிரித்துவைக்கும் இவ்வொன்றில் மட்டும் ஒருமைப்படுதல் வியப்பே. இக்கொள்கை பொருந்துமா என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

பேரன் என்னும் வழக்குச்சொல் பெயரன் என்பதன் மரூஉ. பாட்டன் பெயரைத் தாங்குதலின் அப்பெயர் எய்திற்று. யாழ்ப்பாணத்தார் பாட்டனையே பேரன் என்றும், பாட்டியைப் பேத்தி என்றும் வழங்குவர். ஒரு சொல் இருவரையும் குறித்து நிற்கும் அளவிற்கு அவ்வுறவு நெருங்கியது. இக்காலத்தோ, பெயர் மட்டும் பிள்ளையிடம் வந்துசேர, அதற்குரியவர் அயலூரில் தனித்திருக்கின்றார்.

சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு என்பது சித்தாந்தத்தார் யாவர்க்கும் உடன்பாடு. அடுத்த பொருளின் நிறத்தைப் படிகம் காட்டுமாறுபோல, குழந்தையுயிர் சொல்லினும் சார்பினையே விரைந்து பற்றும். விடியலில் எழுந்து நீராடி நீறணியும் பாட்டியை நாடோறும் காணும் சிறுமிக்கு அதனை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. கண் மங்கிய பாட்டிக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கும் சிறுவன், பிறர்க்கு உதவுதல் அறம் என்னும் தொடரைப் பாடநூலிற் பின்னரே படிக்கின்றான். செயல் முன்னரே கைவந்துவிட்டது. இவற்றினும் ஆழ்ந்தது ஒன்று உளது. முன்பு தன்னைத் தோளிற் சுமந்தவர் இன்று தன் தோளைப் பற்றி நடத்தலைக் காணும் குழந்தை, யாக்கை நிலையாமையை நூல்வாயிலாகவன்றி நேரே உணர்கின்றது. குழந்தை அஞ்சுமெனக் கருதி நோயுற்ற முதியோரை அதன் கண்ணிற் படாது மறைப்பார் செயலை யாம் நன்றெனக் கொள்ளேம். என்றேனும் காணவேண்டிய அதனைப் பாட்டனின் கையைப் பற்றிக்கொண்டு காணுதல் எளிது.

முதுமை ஒன்றே அறிவாகுமோ எனின், ஆகாது. மெய்கண்டார் வரலாற்றினை நோக்குக. பெண்ணாகடத்திற் பிறந்த அப்பிள்ளையைத் திருவெண்ணெய்நல்லூரில் வளர்த்தவர் தாய்மாமனார். தந்தையின் குலகுருவாய், ஆண்டாலும் கல்வியாலும் மூத்த சகலாகம பண்டிதரோ, செருக்கொடு வந்து அப்பிள்ளையின் முன்னே அச்செருக்கொழிந்து, மாணவராய் அமைந்து, அருணந்தி சிவாசாரியர் எனப் பெயர் பெற்றனர். இளையோரை அடுத்தலால் முதியோர்க்கு விளைவது பற்று மட்டுமே என்பார் இதற்கு யாது கூறுவர்? பற்று அண்மையில் இல்லை. எனது என்னும் முனைப்பில் உளது. பெற்றோர் அன்பில், மகன் இன்னன் ஆகவேண்டும் என்னும் வேட்கை கலந்துநிற்கும். பேரனிடத்துப் பாட்டன் கொள்ளும் அன்பில் அவ்வேட்கை பெரிதும் தளர்ந்திருக்கும். (தளராது, பிள்ளையை முன்னிட்டு மருமகளோடு நாடோறும் வழக்காடும் பாட்டியரும் உளர், அவர் நிலை வேறு.)

சார்பு நன்மைக்கு மட்டும் வாயிலன்று. முதியோர் வாயிற் புறங்கூற்றும் சாதிச்செருக்கும் நிறைந்திருப்பின் அவையும் குழந்தைபாற் சென்று பற்றும். ஆகலின் இக்கடமை இருதிறத்தார்க்கும் உரித்து.

இந்தியப் பாராளுமன்றம் 2007-ஆம் ஆண்டில் இயற்றிய பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், வயது நிரம்பிய பேரன் பேத்தியரையும் முதியோரைப் புரத்தற்குக் கடமைப்பட்டோராக வைத்தது. உணவும் உடையும் உறையுளும் மருத்துவமும் அதனாற் பெறலாகும், உடனிருத்தல் பெறலாகாது. இளமையில் அப்பாட்டியின் மடியில் இருந்தறியாதவன் திங்கள்தோறும் பொருள் அனுப்பினும், அது அறியாதார் ஒருவர்க்குக் கடனிறுத்தல் போலும்.

தொழில் காரணமாக நகரங்களிலும் கடல்கடந்தும் வாழ்வோர் முதியோரோடு ஒரே வீட்டில் உறைதல் அரிது. அவரைக் குறைகூறுதல் எம் கருத்தன்று. கோடை விடுமுறையில் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பும் பழைய வழக்கத்தைத் தனிவகுப்புக்களின் பொருட்டுக் கைவிடுதலையே யாம் மறுக்கின்றோம். அவ்வொரு திங்களில், திண்ணையில் அமர்ந்து பாட்டன் ஒரே கதையைப் பத்தாம் முறை கூறுங்கால், பேரன் இடைமறித்துப் பிழை திருத்துவான். பாட்டனும் அத்திருத்தத்தை ஏற்று மேலே கூறுவார்.